இரவல் மூச்சு

பச்சை வண்டியின் கூரையில் அந்த வெள்ளைப் பெட்டியைப் பொருத்திய வாரத்தில் மருதாசலத்துக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. காந்திபுரத்திலிருந்து சூலூருக்கும் சூலூரிலிருந்து காந்திபுரத்துக்குமாக ஒரு நாளைக்குப் பத்து நடை. டிக்கெட் கொடுப்பதோடு ஒவ்வொரு நடையிலும் இதையும் சொல்ல வேண்டியிருந்தது.

"வண்டியில நெட்டு ஓசிங்க. உங்க நம்பரப் போட்டா ஒரு எண் வரும். அதப் போட்டுட்டு, கீழ சம்மதம்னு இருக்கறத அழுத்துங்க. அவ்வளவுதான்."

அலைக்கொடி என்ற கம்பெனி அந்தத் தடத்தில் ஓடும் தனியார் டவுன் பஸ்கள் எல்லாவற்றுக்கும் பெட்டியைச் சும்மாவே மாட்டிக் கொடுத்திருந்தது. ஆள் சேர்ப்பது கண்டக்டர் பொறுப்பு என்று முதலாளி சொல்லிவிட்டார். மருதாசலத்துக்கு நாற்பத்தொரு வயது. பதினான்கு வருடமாக அதே தடம். காலை ஆறு நாற்பது நடையில் ஏறுகிறவர்களில் பாதிப் பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். அவன் சொன்னால் சேர்ந்தார்கள்.

பவுண்டரிக்காரர்களிடம்தான் கொஞ்சம் சிரமம். ஒண்டிப்புதூரைத் தாண்டியிருந்த இரும்பு வார்க்கும் ஆலைக்கு அந்த நடையில் இருபது, இருபத்தைந்து பேர் போவார்கள். மணலில் அச்சுப் பிடிப்பது, உருக்கிய இரும்பு ஆறியபின் அச்சை உடைத்து மணலை உதறுவது, இதுதான் அவர்கள் வேலை. வருடக்கணக்காகத் தேய்ந்துபோன அவர்கள் விரல்களைப் போன் கண்ணாடி ஏற்கவில்லை. தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனை அவனிடமே நீட்டினார்கள். அத்தனை பேருக்கும் எண்ணைப் போட்டு, சம்மதத்தை அழுத்திக் கொடுத்தவன் மருதாசலம்தான்.

குழந்தைவேலுவுக்கும் அவன்தான் அழுத்திக் கொடுத்தான். குழந்தைவேலு ரத்தினபுரிக்காரர், நாற்பத்தெட்டு வயது, பவுண்டரியில் பதினெட்டு வருடம். இடது பக்கம் பின்னாலிருந்து மூன்றாவது சீட்டில் உட்கார்ந்துகொண்டு வண்டி முழுக்கக் கேட்கும்படி ஊர்க்கதை பேசுவார். நெட்டு வந்தபிறகு அவரும் போனைக் குனிந்து பார்க்கத் தொடங்கினார். யாரோ எங்கோ கிணறு வெட்டுகிற படங்கள்.

"இதுல என்னங்கண்ணா இருக்குது?" என்று ஒரு நாள் கேட்டான்.

"தண்ணி வர்ற நேரத்தப் பாரு மருது. வெட்டுனவன் மொகத்தப் பாரு. காலங்காத்தால அதப் பாத்துட்டுப் போனா வேல செய்யத் தோணுது."

மாசி முடிவதற்குள் வண்டி அமைதியாகிவிட்டது. பாட்டுக்காகவே ஆள் ஏறிய வண்டி அது. இப்போது பாட்டு போட்டால், நெட்டில் பார்ப்பது கேட்கவில்லை, நிறுத்து என்றார்கள். டிரைவர் சின்னச்சாமி நிறுத்திவிட்டார். ஐம்பது பேர் உட்கார்ந்திருக்கிற வண்டியில் இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது.

சித்திரையில் பவுண்டரிக்காரர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். முதலில் மாரப்பன். அப்புறம் ஒரே வாரத்தில் இரண்டு பேர். ஆனி பிறப்பதற்குள் ஏழு பேர். ஆர்டர் இல்லை, ஒப்பந்தம் முடிந்தது என்று சொல்லி அனுப்பினார்களாம். அதே வாரத்தில் வடக்கேயிருந்து வந்த புதிய ஆட்கள் பவுண்டரி நிறுத்தத்தில் இறங்கினார்கள். மருதாசலம் அதைக் கவனித்தான். ஆலை என்றால் அப்படித்தான் என்று விட்டுவிட்டான்.

ஆனிக் கடைசியில் ஒரு மத்தியானம் பெரியாஸ்பத்திரி நிறுத்தத்தில் மாரப்பன் ஏறினார். கையில் எக்ஸ்ரே படம் வைத்த பழுப்பு உறை. இரண்டு படி ஏறிவிட்டுக் கம்பியைப் பிடித்தபடி நின்றார். மருதாசலம் இடம் பிடித்து உட்கார வைத்தான்.

"என்னாச்சுங்கண்ணா?"

"நெஞ்சுல மணல் படிஞ்சிருக்குதாமா தம்பி. இனி கழுவ முடியாதுன்னுட்டாங்க."

"பவுண்டரியில சொன்னீங்களா?"

"எதச் சொல்றது? அவிய வேலைய விட்டுத் தாட்டி உட்ட அன்னிக்கு நான் கல்லாட்ட இருந்தேன். ஒரு இருமல் கெடையாது. அவிய டாக்டரே பாத்து ஒடம்பு நல்லா இருக்குதுன்னு எழுதுனாரு. நானும் கையெழுத்துப் போட்டேன். இன்னிக்குப் போனா அந்தக் காயிதத்தக் காட்டறாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார். "ஒண்ணுதான் வெளங்கல. என்னயும் சேத்து அனுப்புன ஏழு பேர்த்துல அஞ்சு பேரு இப்ப அந்த வார்டு வாசல்ல நிக்கறோம். எங்களுக்கே தெரியாதது அவியளுக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

மருதாசலம் அவருக்கு டிக்கெட் கிழிக்கவில்லை. சிங்காநல்லூர் வரும்வரை பக்கத்திலேயே நின்றான்.

பெட்டியைச் சோதிக்க அலைக்கொடியிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு புதன்கிழமை ரெஹானா வருவாள். கரும்புக்கடைப் பெண், இருபத்தாறு வயது. சூலூரில் வண்டி மத்தியானம் அரை மணி நேரம் நிற்கும்போது சீட்டின்மேல் ஏறி மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் போவாள். அடுத்த புதன்கிழமை டிரைவர் டீ குடிக்கப் போனதும் மருதாசலம் கேட்டான்.

"ஏம்மா, இந்தப் பொட்டி நெட்டு குடுக்கறது போக வேறென்ன பண்ணுது?"

ரெஹானாவின் கை நின்றது. "யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. ஏழு பேரு போயிட்டாங்க. அஞ்சு பேரு ஆஸ்பத்திரியில நிக்கறாங்க. எல்லாரும் இந்த நடையில வந்தவிய."

அவள் சீட்டிலிருந்து இறங்கினாள். டீக்கடைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுப் பையிலிருந்து ஒரு டேப்லெட்டை எடுத்து அவனிடம் காட்டினாள். திரையில் ஒரு கோடு, ஏறுமுன் சற்றே தயங்கி, அலை அலையாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மேலே அவன் பெயர்.

"மூச்ச அடக்குங்கண்ணா."

அடக்கினான். கோடு படுத்துவிட்டது. விட்டான். மறுபடி ஏறியது. அவனை எந்த வயரும் தொடவில்லை. அவன் வண்டியின் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

"நெட்டு வர்ற அதே அலைதான்," என்றாள். "மேல பட்டுத் திரும்பி வரும். நெஞ்சு ஏறி எறங்குனா திரும்பி வர்ற அலையும் மாறும். வண்டி ஆடறத அது கழிச்சுக்கும். மாசா மாசம் ஒருத்தரோட மூச்சு எப்படி மாறுதுன்னு எழுதி வெச்சுக்கும். என்ன நோய்னு அதுக்குத் தெரியாது. நெஞ்சு கெடப் போகுதுன்னு தெரியும். எக்ஸ்ரேல தெரியறதுக்கு முன்னாடியே தெரியும்."

"என்ற பேரு எதுக்கு இருக்குது?"

"டிரைவர விட்டா பூரா நாளும் வண்டியில இருக்கற ஆளு நீங்க ஒருத்தர்தான். பெட்டி சரியா அளக்குதான்னு உங்க மூச்ச வெச்சுத்தான் பாப்போம். நிமிஷத்துக்குப் பதினாலு. ரொம்ப நல்ல மூச்சுங்கண்ணா."

"அப்ப நெட்டு எதுக்கு?"

"நெட்டு குடுத்தாத்தான ஆடாம உக்காருவாங்க. பேசுனா, சிரிச்சா, திரும்பித் திரும்பிப் பாத்தா அளவு கலைஞ்சிரும். அஞ்சு நிமிஷம் அசையாம இருந்தாப் போதும்."

மருதாசலம் சீட்டில் உட்கார்ந்தான். "இத யாருக்குக் குடுக்கறீங்க?"

"கேக்கறவங்களுக்கு. இந்த ரோட்டுல பவுண்டரி கேட்டுச்சு. சம்மதம் அழுத்திருக்காங்க, அதனால தப்பில்லைன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. போன மாசந்தான் அந்தப் பட்டியல நானே பாத்தேன்."

"குழந்தைவேலுன்னு ஒருத்தரு."

தேடினாள். பச்சையும் மஞ்சளுமாகப் பெயர்கள் ஓடின. அவர் பெயர் மஞ்சளில் நின்றது. "அடுத்த மாசம் செவப்பு ஆயிரும். செவப்பு ஆனா அனுப்பிருவாங்க."

"நெட்ட அணைச்சுட்டா?"

"ஒரேயடியா அணைச்சவங்க, சேராதவங்க பேரு தனியாப் போகுது. அவங்களத்தான் மொதல்ல பாப்பாங்க." டேப்லெட்டை உள்ளே வைத்தாள். "நான் சொன்னதா வெளிய வரக்கூடாதுங்கண்ணா. எங்க அத்தாவுக்குக் கிட்னி கெட்டுப்போச்சு, அவருக்கு வாரம் மூணு தடவ ரத்தம் சுத்தம் பண்றோம். இந்த வேலதான் ஓட்டுது."

"சொல்லமாட்டேன். இன்னும் ஒண்ணே ஒண்ணும்மா. எந்த மூச்சு யாருதுன்னு அது எப்பிடிக் கண்டுபிடிக்குது?"

"போன வெச்சுத்தான். போன் எங்க இருக்கோ அங்க ஆள் இருக்கறதா எடுத்துக்கும்."

அன்று மாலை நடையில் குழந்தைவேலு காந்திபுரத்தில் இறங்கியபோது மருதாசலமும் கூடவே இறங்கினான். ஸ்டாண்டுக்குப் பின்னால் டீ வாங்கிக் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னான். குழந்தைவேலு டம்ளரைக் கீழே வைக்காமல் கேட்டார்.

"அன்னிக்கு நீ அழுத்துனியே, அந்தச் சம்மதமா?"

"ஆமாங்கண்ணா."

"என்ற வெரலு ஏறலீன்னு நாந்தான் குடுத்தேன்." சிரிக்கப் பார்த்தார். "எனக்கு ஒண்ணுமே தெரியலியே மருது. படி ஏறுனா கொஞ்சம் வாங்குது. வயசுன்னு நெனச்சேன்."

"ஆஸ்பத்திரிக்குப் போயி ஒரு படம் எடுத்துருவோம். வேலைய விட்ருங்க."

"படம் எடுத்தா மணலு இருக்குதும்பாங்க. அதத் தெரிஞ்சு வெச்சுட்டு என்ன பண்றது? என்ற புள்ள கோமளா நர்சிங் மூணாவது வருசம். இன்னும் ஒரு வருசம் இருக்குது. அவ முடிக்கற வரைக்கும் நான் நிக்கோணும். நாப்பத்தெட்டு வயசுல அச்சுப் பிடிக்கறதத் தவிர எனக்கு என்ன தெரியும்? வெளிய போனா எவன் எடுப்பான்?"

ஸ்டாண்டில் மேட்டுப்பாளையம், மேட்டுப்பாளையம் என்று யாரோ கத்திக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணா," என்றான் மருதாசலம். "வண்டி ஏறுனதும் போன எங்கிட்டக் குடுங்க. எறங்கறப்பத் தர்றேன்."

மறுநாளிலிருந்து அப்படித்தான் நடந்தது. காந்திபுரத்திலேயே அவசரமாக டிக்கெட் போட்டு முடித்துவிட்டு, பின்படிக்கட்டை ஒட்டிய சீட்டில் உட்கார்ந்து தோல்பையை மடியில் வைத்துக்கொள்வான். பைக்குள் குழந்தைவேலுவின் போன். முதல் நாள் மூச்சை ரொம்பக் கவனித்து விட்டதில் தலை சுற்றியது. பிறகு பழகிக்கொண்டான். குழந்தைவேலு வெறுங்கையோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

ஒரு வாரத்தில் அய்யாவு வந்தார். மணல் உதறுகிற பிரிவு, மெலிந்த உடம்பு, அதிகம் பேசாதவர். குழந்தைவேலு சொல்லித்தான் வந்திருந்தார். அவரோடு இன்னும் மூன்று பேர். ஐந்து போன்களில் ஒரு நேரத்துக்கு ஒன்றை மட்டும் நெட்டில் விட்டு, எட்டு நிமிடம் கழித்து அதை அணைத்து, அடுத்ததைத் திறந்தான். நாற்பது நிமிடத்தில் ஐந்து பேரும் மருதாசலத்தின் மூச்சை விட்டு முடித்தார்கள்.

அவன் பீடியை நிறுத்தினான். பதினெட்டு வயதில் தொடங்கியது, ஒரே நாளில் விட்டான். வீட்டில் அவன் மனைவி கோவிலுக்கு வேண்டிக்கொண்டது பலித்தது என்று நினைத்தாள். அய்யாவு வீட்டிலிருந்து கம்பு உருண்டை வந்தது. குழந்தைவேலு கொய்யாப்பழம் கொண்டுவந்து பையின்மேல் வைத்துவிட்டு, "எங்க மூச்சு நல்லாச் சாப்பிடட்டும்," என்பார். ஆடியில் யாரையும் அனுப்பவில்லை. ஆவணியிலும் அனுப்பவில்லை. அந்த நாட்களில் மருதாசலம் நெஞ்சை நிமிர்த்தி நடந்தான். தன் உடம்பு இத்தனை பேருக்கு ஆகும் என்று அவன் ஒருநாளும் நினைத்ததில்லை.

புரட்டாசியில் ரெஹானா வந்தபோது மூடியைத் திறக்காமலே கீழே நின்று சொன்னாள்.

"அஞ்சு பேருக்கு ஒரே மூச்சுங்கண்ணா."

அவன் டீக்கடைப் பக்கம் பார்த்தான்.

"இன்னும் ஆபீஸ்ல யாரும் கவனிக்கல. நானும் பாக்கல. ஆனா அவங்க இன்னும் அந்த மணல்லதான நிக்கறாங்க?"

"வேற வழி இல்லீங்கம்மா."

"மூச்ச நீங்க குடுக்கறீங்க. தூசிய நீங்க வாங்கிக்க முடியாதுல்ல."

அவன் தோல்பையின் வாரைச் சரிசெய்தான். அவள் வேலையை முடித்துவிட்டுப் போனாள். ஐப்பசியில் அவளுக்குப் பதிலாக வேறொருவர் வந்தார். வேலையை விட்டுவிட்டாள் என்று மட்டும் தெரிந்தது.

மழைக்காலத்தில் குழந்தைவேலு இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்து ஏறினார். கார்த்திகையில் ஒரு வாக்கியத்தை இரண்டு தடவையாகப் பிரித்துச் சொன்னார். அவருடைய கழுத்துக் குழி மூச்சுக்கு மூச்சு உள்ளே போய் வந்தது. பவுண்டரியின் பட்டியலில் அவர் பச்சையாக இருந்தார்.

"போதுங்கண்ணா. வேலைய விட்ருங்க."

"இன்னும் ஆறு மாசம்," என்றார் அவர். பிறகு, "பரீச்ச முடிஞ்சிரும்."

மார்கழியில் ஒருநாள் காலை அவர் போனை நீட்டியபோது மருதாசலம் கையை நீட்டவில்லை. இன்று அவர் சட்டைப் பையிலேயே இருக்கட்டும், பெட்டி அவரையே அளக்கட்டும், ஒரே வாரத்தில் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தான். குழந்தைவேலு நீட்டிய கையோடு நின்றார். பின்னால் ஏறியவர்கள் நெருக்கினார்கள். அவர் அவன் முகத்தை மட்டும் பார்த்தார்.

மருதாசலம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

தை மாதம் இருபதாம் தேதி குழந்தைவேலு அச்சுக் கொட்டகையில் விழுந்தார். பெரியாஸ்பத்திரியில் ஒன்பது நாள் இருந்தார். மருதாசலம் இரண்டு தடவை போனான். முகத்தில் மாஸ்க் போட்டிருந்ததால் பேசமுடியவில்லை. இரண்டாவது தடவை அவன் கையைப் பிடித்துத் தட்டிக் கொடுத்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று வண்டி ஓட்டம் முழுக்க யோசித்தான். பத்தாம் நாள் காலை இறந்துவிட்டார்.

பங்குனியில் அவர் மனைவி செல்வநாயகி மகளைக் கூட்டிக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்தார். நுரையீரலில் மணல் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்ததை வைத்து நஷ்டஈடு கேட்டிருந்தார்கள். பவுண்டரி பதில் போட்டிருந்தது. கோமளா அதைப் படித்தாள். தொழிலாளர் நலனுக்காகத் தினமும் எடுக்கப்பட்ட பதிவின்படி, கடைசி நாள்வரை அவருடைய சுவாசம் சீராக இருந்தது. திடீரென வந்த நோய்க்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை.

"தம்பி, நீங்க அவரத் தெனமும் பாத்தவரு," என்றார் செல்வநாயகி. "அவரு வீட்டுல ஒண்ணும் சொல்லமாட்டாரு. வண்டியில எப்பிடி வந்தாரு, மூச்சு எப்பிடி இருந்துச்சுன்னு விசாரணையில வந்து சொல்லோணும்."

"வர்றேனுங்கக்கா."

போன் விஷயம் அவருக்குத் தெரியாது என்பது அவர் பேச்சிலேயே தெரிந்தது. மருதாசலம் அதைச் சொல்லவில்லை.

மறுநாள் அய்யாவுவும் மற்ற மூவரும் வண்டியில் ஏறியதும் போனைக் கொடுக்காமல் அவனைச் சுற்றி நின்றார்கள்.

"விசாரணைக்குப் போறீங்களாமா," என்றார் அய்யாவு.

"ஆமாங்கண்ணா."

"போங்க. மூச்சு வாங்குனாரு, பாத்தேன்னு சொல்லுங்க. அதுக்கு மேல வேண்டாம். போன் கத வெளிய வந்தா அன்னிக்கே எங்க நாலு பேர்த்தையும் வெளிய போட்ருவாங்க." இருமல் வந்தது. அடங்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார். "செத்தவரு திரும்பி வரமாட்டாரு. இருக்கறவங்களப் பாருங்க."

நான்கு போன்களும் பைக்குள் வந்தன. அவன் உட்கார்ந்து மூச்சு விட்டான்.

விசாரணை சித்திரையில் நடந்தது. தொழிலாளர் அலுவலக மாடியில் ஒரு சிறிய அறை. விசாரணை அதிகாரி ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்மணி, சொன்னதையெல்லாம் தானே எழுதிக்கொண்டார். பவுண்டரி வக்கீலும், மடிக்கணினியோடு அலைக்கொடியின் ஆள் ஒருவரும் வந்திருந்தார்கள். பெஞ்சின் ஓரத்தில் செல்வநாயகியும் கோமளாவும்.

மருதாசலம் தான் பார்த்ததைச் சொன்னான். கம்பியைப் பிடித்து ஏறியதை, கழுத்துக் குழியை, பேச்சு பாதியில் நின்றதை.

வக்கீல் ஒரு தாளை எடுத்து வைத்தார். "மேடம், கண்டக்டர் கண்ணால பாத்ததச் சொல்றாரு. இது இயந்திரம் அளந்தது. ஏழு மாசம், வேலைக்கு வந்த ஒரு நாள்கூட விடாம. நிமிஷத்துக்குப் பதினாலு. இருபது வயசுப் பையனுக்கு இருக்கற மூச்சு. மணல் படிஞ்ச நெஞ்சு இப்படி ஏறி எறங்குமா? இவரு சிநேகிதருக்காகப் பேசறாரு, அவ்வளவுதான்."

தாளை அவன் பக்கம் நகர்த்தினார்கள். அவன் அந்தக் கோட்டைப் பார்த்தான். சூலூரில் நின்ற வண்டியில் பார்த்த அதே கோடு. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் முன்னால் ஒரு சின்னத் தயக்கம்.

"இதுக்கு என்ன சொல்றீங்க?" என்றார் அதிகாரி.

மருதாசலம் எழுந்து நின்றான். யாரும் எழச் சொல்லவில்லை.

"இது அவரு மூச்சு இல்லீங்க. என்ற மூச்சு."

வக்கீல் சிரித்தார். அதிகாரி பேனாவை வைக்கவில்லை. "விளக்கமாச் சொல்லுங்க."

சொன்னான். ரெஹானா பெயரைச் சொல்லவில்லை. வண்டியில் கேள்விப்பட்டேன் என்றான். போனை வாங்கியதை, பையில் வைத்ததை, ஆடியிலிருந்து தை வரைக்கும் என்பதைச் சொன்னான். மற்ற நால்வரைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லாமல் தப்பித்துவிடலாம் என்று அந்த நேரத்தில் நம்பினான்.

"உங்க மூச்சுதான்னு எப்படி நிரூபிப்பீங்க?"

"கம்பெனிக்காரங்ககிட்ட என்ற பேர்லயே ஒரு கோடு இருக்குதுங்க. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாருங்க."

அலைக்கொடி ஆள் வக்கீலைப் பார்த்தார். அதிகாரி, "பாருங்க," என்றார். கம்பெனி ஆள் மடிக்கணினியில் தட்டினார். இரண்டு கோடுகளும் திரையில் வந்தன. ஒன்றின்மேல் ஒன்றை நகர்த்தினார். ஒன்றாகிவிட்டன.

"ஒரே ஆள்தான் மேடம்," என்றார். வக்கீல் ஏதோ சொல்ல வந்தார். ஆனால் அந்த ஆள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் பொல்லாதவராகத் தெரியவில்லை. தன் இயந்திரம் எங்கே ஏமாந்தது என்று தேடிக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம் கழித்து, "இதே மூச்சு இன்னும் நாலு நம்பர்ல ஓடிட்டிருக்கு மேடம்," என்றார். "இன்னிக்குக் காலைல வரைக்கும்."

பவுண்டரி வக்கீல் அந்த நான்கு எண்களையும் எழுதிக்கொண்டார்.

பெட்டியின் பதிவை இந்த வழக்கில் ஏற்க முடியாது, ஆஸ்பத்திரி அறிக்கைதான் சாட்சி என்று அதிகாரி எழுதினார். அந்த நால்வருக்கும் எக்ஸ்ரே எடுத்து அறிக்கை தரவேண்டும் என்றும் எழுதினார். மருதாசலம் கீழே இறங்குவதற்கு முன்பே முதலாளியிடமிருந்து போன் வந்தது. பையை ஷெட்டில் ஒப்படைத்துவிட்டுப் போ என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மாடிப்படியின் திருப்பத்தில் செல்வநாயகி நின்றிருந்தார். வழக்கு அவர் பக்கம் திரும்பிவிட்டது என்று கோமளா சொல்லியிருப்பாள். அவர் முகத்தில் அது தெரியவில்லை.

"தம்பி, நீங்க போன வாங்காம இருந்திருந்தா, ஆடியிலயே அவர வெளிய தாட்டி உட்ருப்பாங்களா?"

"ஆமாங்கக்கா."

அவர் மகளைப் பார்த்தார். "மணல்ல இருந்து அப்பவே வந்திருந்தா நோவு நின்னிருக்குமா கண்ணு?"

கோமளா தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நிக்காதும்மா. ஆனா மெதுவாப் போகும். சில பேரு பத்து வருசம்..." அதற்கு மேல் சொல்லவில்லை.

செல்வநாயகி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். கீழே தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துப் போனது.

"அவரு கேட்டாரா? நீங்களா சொன்னீங்களா?"

குழந்தைவேலுதான் கேட்டார் என்று சொல்லியிருக்கலாம். இல்லை என்று சொல்ல யாரும் இல்லை. அந்த ஒரு வார்த்தையில் செல்வநாயகிக்கும் பாரம் இறங்கியிருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

"நாந்தானுங்கக்கா சொன்னேன். அவரு வேண்டாம்னு சொல்லல. ஆனா மொதல்ல சொன்னது நாந்தான்."

அவர் தலையை ஆட்டினார். திட்டவில்லை. கோமளா கையை நீட்டியபோது அதைப் பிடிக்காமல் சுவரைப் பிடித்தபடியே இரண்டு படி இறங்கினார். பிறகு திரும்பாமல் சொன்னார்.

"அந்த நாலு பேரு வீட்டுக்கும் நேராப் போங்க. யாரோ சொல்லி அவியளுக்குத் தெரிய வேண்டாம். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க. அடிச்சா அடி வாங்கிக்கிட்டுச் சொல்லுங்க."

மருதாசலம் பையை ஒப்படைக்கப் போகவில்லை. நான்கு போன்களையும் காலையிலேயே திருப்பிக் கொடுத்திருந்ததால் பை லேசாக இருந்தது. பஸ் ஏறவில்லை. சித்திரை வெயிலில் ரத்தினபுரிப் பாலத்தைக் கடந்து, விசாரித்து விசாரித்து, அய்யாவு குடியிருந்த சந்துக்குள் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி. பவுண்டரியில் வேலை ஐந்து மணிவரை. ஆனால் அந்த வீட்டு வாசலில் அவருடைய செருப்பு கிடந்தது. உள்ளே ஒரு பெண், "என்னாச்சுன்னு சொல்லுங்க, ஏன் இந்நேரத்துக்கு வந்தீங்க," என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இருமல் மட்டும் கேட்டது, விட்டு விட்டு, நீளமாக.

அது அடங்கும்வரை நின்றான். பிறகு கதவைத் தட்டினான்.